பதில்: பாப்பா பிடித்து வந்த சாலமாண்டர் அசையாமல் கிடக்கிறது

வணக்கங்க. பென்சில்வேனியா, முதுகில் சிவப்புப் பட்டை, மக்கிய கட்டைக்கு அடியில் கிடைத்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அது செம்முதுகுச் சாலமாண்டராகத்தான் (பார்க்கப் பல்லி போல, தோல் தவளை போல ஈரமாக இருக்கும் பிராணி) இருக்கும். முதலில் அதைப் போட்டு வைத்திருக்கும் டப்பாவில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இது குளத்தில் வாழ்வதில்லை, ஈரத்தரையில் வாழும் பிராணி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதன் தோலுக்கு ஆகாது. அடியில் ஈரமான இலைச்சருகு போதும்.

"மூச்சு விடுகிற மாதிரியே தெரியலை" என்று பாப்பா பயப்படுகிறாள் அல்லவா? இதற்கு நுரையீரலே கிடையாது! தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும்தான் சுவாசம். தோல் காய்ந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால்தான் பகலெல்லாம் கட்டைக்கு அடியில் பதுங்கி, மழை பெய்த இரவில் வெளியே வந்து சிற்றுண்ணி, எறும்பு என்று வேட்டையாடும். பொரியோ பிஸ்கட்டோ போடாதீர்கள், தொடாது.

வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், பல்லி போலக் கழற்றிவிடும். மறுபடி வளரும்தான், ஆனால் சேர்த்து வைத்த கொழுப்பு அதில்தான் இருக்கிறது.

வளர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், இன்றே விட்டுவிடுங்கள். இது தாயாக இருந்தால் முட்டைகள் அங்கே இருக்கலாம். கோடையில் தாய் முட்டைகளைக் கட்டையின் பொந்தில் கொத்தாகத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் சுற்றிப் படுத்துக் காவல் காக்கும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் குட்டிச் சாலமாண்டராகவே பொரிந்து வரும்.

கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள், கொசு மருந்து பூசிய கை கூடாது. எடுத்த இடத்திலேயே கட்டையை முதலில் வைத்துவிட்டு, பக்கத்தில் விடுங்கள். தானே உள்ளே நுழைந்துகொள்ளும். அதை விட்டபின் மேலே கட்டையைப் போட்டால் நசுங்கிவிடும்.