சில பெயர்களுக்கு மட்டும் ஃப்ரீ() க்ராஷ் ஆவது ஏன்?

கேள்வியைச் சுருக்கினால் இது: லினக்ஸில் ஓடும் உங்கள் சி நிரல், யூடிஎஃப்-8 கோப்பிலிருந்து பெயரையும் ஊரையும் படிக்கிறது. இரண்டுக்கும் மாலாக் (நினைவகத்தில் இடம் வாங்குவது) போட்டுவிட்டு, அப்புறம் ஸ்ட்ர்காப்பி (எழுத்துகளை அந்த இடத்தில் நகலெடுப்பது). ‘முருகன், மதுரை’ ஒழுங்காக ஓடுகிறது. ‘கந்தசாமி, மதுரை’ என்றால் ஊரை ஃப்ரீ செய்யும் (வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும்) வரியில் ‘இன்வாலிட் பாயின்டர்’ (செல்லாத முகவரி) என்று செத்துவிடுகிறது. இரண்டு மாலாக்குக்கும் நடுவே, திரையில் எதையாவது எழுதிப் பார்க்க பிரின்ட்எஃப் போட்டால் க்ராஷ் காணாமல் போகிறது.

ஃப்ரீ வரியை முறைத்துப் பார்ப்பதை விடுங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெயருக்கு மாலாக் போடும்போது ஸ்ட்ர்லென் (நீளத்தை பைட்டில் எண்ணுவது) தந்த எண்ணை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். பெயர் முடிந்தது என்று காட்ட முடிவில் வரும் பூஜ்ய பைட்டுக்கு இடம் வாங்கவில்லை.

அப்படியானால் முருகன் எப்படித் தப்பினார்? யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிதான். முருகன் 7 குறி, 21 பைட். 64 பிட் ஜிலிப்சியில் (லினக்ஸில் வழக்கமான சி நூலகம்) 21 கேட்டாலும் கிடைப்பது 24. மீதியில் பூஜ்யம் உட்கார்ந்துகொள்கிறது. கந்தசாமி 8 குறி, சரியாக 24 பைட். பூஜ்யம் 25-ஆவது பைட்டில் போய் விழுகிறது. அந்த இடம் அடுத்த துண்டின், அதாவது ஊருக்கு வாங்கிய இடத்தின், அளவு எழுதப்பட்டிருக்கும் புலம். 33 என்று இருந்தது (அளவு 32, கூட ஒரு கொடி பிட்) 0 ஆகிவிடுகிறது. அதை நம்பி வரும் ஃப்ரீ அலறுகிறது.

பிரின்ட்எஃப் மாயமும் இதுதான். முதல் பிரின்ட்எஃப் தன் வெளியீட்டு பஃபரை (எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அதே ஹீப்பில், அதாவது மாலாக் இடம் தரும் பகுதியில், வாங்குகிறது. இப்போது பெயருக்குப் பக்கத்தில் இருப்பது அந்த பஃபர். அடி அதன் தலையில் விழுகிறது. அதை யாரும் ஃப்ரீ செய்வதில்லை, எனவே சத்தமே இல்லை. நினைவகப் பிழையை பிரின்ட்எஃப் போட்டுத் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாலாக்கில் 100 போடுவதும் அதே ரகம்.

ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் ஒன்றில், டீபக் தகவலோடு அட்ரஸ் சானிடைசரை (நினைவகப் பிழையைப் பிடிக்கும் சோதனை) சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். 24 பைட் இடத்தில் 25 பைட் எழுதினாய் என்று ஸ்ட்ர்காப்பி வரியிலேயே நிறுத்தும். அந்த இடம் எந்த வரியில் வாங்கப்பட்டது என்றும் காட்டும். முக்கியமாக, க்ராஷே ஆகாத முருகனையும் பிடித்துவிடும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான்.

மறுபடி கம்பைல் செய்ய வழியில்லை என்றால், இருக்கும் நிரலை அப்படியே ஓட்டிச் சோதிக்கும் வால்கிரைண்ட். பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாக ஓடும். ஆனால் மதிப்பே வைக்காத மாறியை வைத்து நிரல் முடிவெடுத்தால் சொல்லும்; அட்ரஸ் சானிடைசர் அதைச் சொல்லாது. மாறாக, ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் உள் மாறிகள் இருக்கும் பகுதி) உள்ள அரே எல்லை தாண்டுவது வால்கிரைண்டின் வழக்கமான சோதனைக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்காதீர்கள், ஒத்துப்போகாது.

இரண்டுமே ஓடாத சின்ன போர்டு என்றால் ஜிடிபி என்ற டீபக்கரில் அந்த அளவுப் புலத்தின் மேல் வாட்ச்பாயின்ட் (காவல் புள்ளி) வையுங்கள். யார் எழுதினாலும் அந்தக் கணமே நிற்கும்.

திருத்தம் எளிது: ஸ்ட்ர்லென்னோடு 1 கூட்டுங்கள், அல்லது மாலாக்கும் ஸ்ட்ர்காப்பியும் வேண்டாம் என்று இரண்டையும் தானே செய்யும் ஸ்ட்ர்டூப் பயன்படுத்துங்கள். ஊருக்கும் அதையே செய்யுங்கள். மதுரை 15 பைட் என்பதால்தான் இதுவரை பிழைத்தது. திருத்திய பின் சானிடைசர் லீக் (ஃப்ரீ செய்யாமல் விட்ட இடம்) என்று இன்னொரு பட்டியல் நீட்டலாம். பெயரையும் ஊரையும் ஒரு நோடுக்குள் வைத்திருந்தால், நோடை ஃப்ரீ செய்யும் முன் அந்த இரண்டையும் ஃப்ரீ செய்கிறீர்களா என்று அப்போது பாருங்கள்.