சிவப்பு விளக்கு எரியும்போது

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு பேச்சில் அனி டிஃப்ரான்கோ என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி சொன்னீர்கள். எந்தக் கம்பெனியிலும் சேராமல் தானே எழுதி, தானே பாடி, தானே வெளியிட்டவர் என்று. அதைக் கேட்டுத்தான் தேடிப் போனேன். முதலில் கிடைத்தது 1997ல் வந்த 'லிவிங் இன் கிளிப்' என்ற மேடைப் பதிவு. நடுநடுவே பேசுகிறார், சிரிக்கிறார், முறுக்காணியைத் திருகி ஸ்ருதி சேர்க்கிறார், கூட்டம் கத்துகிறது. இதையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. பிறகு 2024ல் வந்த ஆல்பத்தைக் கேட்டேன். குரல் நசுங்கிக் கேட்கிறது, கிதார் எங்கே இருக்கிறதென்றே பல இடங்களில் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆள்தானா? இன்னொன்று: சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவரைச் சுயாதீனக் கலைஞர் என்று எப்படிச் சொல்வது? அவரும் ஒரு முதலாளிதானே?

பி.கு.: என் மகள் ஆறு மாதமாகக் கிதார் கற்றுக்கொள்கிறாள். நகம் உடைந்துகொண்டே இருக்கிறது. அந்த அம்மா இதற்கு என்ன செய்கிறார்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான்.

முதலில் 'லிவிங் இன் கிளிப்' என்ற அந்தத் தலைப்பு. கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் சிறுவயதில் கச்சேரியைவிட அவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் முன்னால் இருக்கும் பெட்டியில் சின்னச் சின்ன விளக்குகள் பச்சையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் உச்சத்துக்குப் போனால் ஒரு சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியும். ஒலி, பெட்டி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். அதற்குப் பெயர்தான் 'கிளிப்'. மைக்செட்காரர் உடனே குமிழைக் குறைப்பார். டிஃப்ரான்கோவின் மேடையில் அந்த விளக்கு அணைவதே இல்லை என்பதைத்தான் அந்தத் தலைப்பு கேலியாகச் சொல்கிறது. சிவப்பு விளக்கிலேயே குடித்தனம். இப்படிப் பெயர் வைத்த பதிவில் போய்ச் சுத்தமான ஒலியைத் தேடினால் எப்படி?

அந்த ஸ்ருதி சேர்க்கும் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் வழக்கமான கிதார் ஸ்ருதியில் நிற்பவர் அல்ல. பாட்டுக்குப் பாட்டு கம்பிகளை ஏற்றி இறக்கி வேறு வேறு ஸ்ருதிகளில் வைத்து வாசிப்பார். ஒற்றைக் கிதாரோடு மதுக்கடைகளிலும் கல்லூரி அரங்குகளிலும் பாடித் திரிந்த ஆரம்ப நாட்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே முறுக்காணியைத் திருகும் நேரத்தில் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும், பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சு அப்புறம் நிகழ்ச்சியின் பாதியாகவே ஆகிவிட்டது. நீங்கள் வெட்டச் சொல்வது அந்தப் பாதியை.

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஒரு ஊர். எஃகு ஆலைகள் மூடி நொடித்துப்போன ஊர். அங்கே 1970ல் பிறந்தவர் அவர். சிறுமியாக இருக்கும்போதே மதுக்கடைகளில் பாடத் தொடங்கி, பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் தனியாக வாழ ஆரம்பித்தவர். பாடி முடித்ததும் 'கேசட் இருக்கிறதா' என்று ஆட்கள் கேட்டார்கள். 1990ல் முதல் கேசட்டைத் தானே போட்டார். காரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். வாங்கியவர்கள் நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டோடு பதிவுக்கடையில் காத்திருந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகள் முழுக்க ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ஆல்பம். பெரிய கம்பெனிகள் தேடிவந்தபோது வேண்டாம் என்றார். 1998ல் 'லிட்டில் பிளாஸ்டிக் காஸில்' வெளியானபோது எடுத்த எடுப்பில் அமெரிக்க ஆல்பம் விற்பனையைக் கணக்கிடும் பில்போர்டு பட்டியலில் 22ஆம் இடம். அந்த உயரம் மேடைமேடையாகச் சேர்ந்தது.

அவருடைய வரிசை நாம் பழகியதற்கு நேர்மாறு. நமக்குப் பாட்டு முதலில் ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறக்கும், பிறகு மெல்லிசைக் கச்சேரியில் 'ரெக்கார்டு மாதிரியே' வாசிக்க வேண்டும். ஒரு புல்லாங்குழல் இடம் மாறினால் முன்வரிசை முகம் சுளிக்கும். ஆனால் அதே நாம் மார்கழியில் சபாவுக்குப் போனால் வேறு ஆளாகிவிடுகிறோம். போன வருஷம் பாடிய அதே கீர்த்தனையை அதே மாதிரி பாடினால் 'என்னய்யா, புதுசா ஒரு சங்கதி இல்லையே' என்கிறோம். டிஃப்ரான்கோவைச் சபா காதோடு கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பாட்டு மேடையில் வளர்கிறது. ஆல்பம் அது வளரும் வழியில் எடுத்த ஒரு புகைப்படம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 'போத் ஹேண்ட்ஸ்' என்ற பாட்டு 1990 கேசட்டின் முதல் பாட்டு. ஒரு குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒரு காதல் முறிவைப் பற்றிப் பாடுவது. அதே பாட்டு உங்களிடம் இருக்கும் 1997 பதிவிலும் இருக்கிறது. அங்கே அவருக்குப் பின்னால் பஃபலோ பில்ஹார்மோனிக் இசைக்குழு முழுதாக உட்கார்ந்து வாசிக்கிறது. சொந்த ஊரின் பெரிய வாத்தியக்குழு, மதுக்கடைப் பெண்ணின் பாட்டுக்கு வில்லெடுக்கிறது. வரிகள் அவையேதான். எனக்கு முதல் வடிவத்தில் கோபம் கேட்கிறது, இரண்டாவதில் நினைவுகூரல். எது சரியான வடிவம் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. 2004 முதல் தன் மேடை நிகழ்ச்சிகளை ஊர், தேதி போட்டு வரிசையாக அவரே வெளியிட ஆரம்பித்ததும் இதே மனநிலையில்தான் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் ரகசியமாகப் பதிவுசெய்து கைமாற்றியதை நானே செய்கிறேன் என்பது மாதிரி.

இதற்கு உடம்பு விலை கொடுத்தது. அவர் கம்பியை மீட்டுவதோடு விடுவதில்லை, அடிக்கிறார். கிதார் பாதி மிருதங்கம். அத்தனை வருட அடிக்கு 2005ல் தசைநாண்கள் வீங்கி, பயணத்தையெல்லாம் நிறுத்திவிட்டுப் பல மாதம் ஓய்வெடுக்க நேர்ந்தது.

சரி, அந்த 2024 ஆல்பம். அதன் பெயரில் ஒரு கெட்ட வார்த்தை இருப்பதால் இங்கே எழுதவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. அதைத் தயாரித்தவர் பி.ஜே. பர்ட்டன். பான் ஐவர், லோ போன்ற குழுக்களோடு சேர்ந்து ஒலியைக் கிழித்துத் தைக்கும் வேலையில் பேர் வாங்கியவர். டிஃப்ரான்கோ தன் பாட்டை இப்படி வெளி ஆளிடம் ஒப்படைப்பது அபூர்வம். அதனால் உங்கள் அதிர்ச்சி நியாயமானதுதான். எனக்கும் இரண்டு பாட்டு சோர்வாகவே இருந்தன, குரலை அவ்வளவு நசுக்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ல் ரத்துசெய்ததை ஒட்டிய பாட்டு, 'பேபி ரோ', அதை இன்னொரு தடவை கேளுங்கள். இருபது வயதில் தன் கருக்கலைப்பைப் பற்றியே பாடியவர் அவர். அந்த உரிமை பறிபோன பிறகு, அதே பழைய கிதாரோடு, அதே தெளிவான குரலில் பாடியிருந்தால் எனக்கு ஏதோ ஆண்டுவிழா மாதிரி இருந்திருக்கும். தவிர, 1997ல் விளக்கு தானாகச் சிவந்தது, இங்கே வேண்டுமென்றே சிவக்க வைக்கிறார்கள். ஆள் அதே ஆள்தான்.

மேடையையும் அவர் விடவில்லை. அதே 2024ல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் 'ஹேட்ஸ்டவுன்' இசை நாடகத்தில் சில மாதங்கள் பெர்செஃபனியாக, அதாவது கிரேக்கப் புராணத்துப் பாதாள உலக அரசியாக, நடித்தார். அனாயிஸ் மிட்செல் என்ற இளம் பாடகி எழுதிய அந்தப் பாட்டுகள், அது பிராட்வேக்குப் போவதற்கு எத்தனையோ வருடம் முன்பு, 2010ல் ஆல்பமாக வந்தன. வெளியிட்டது டிஃப்ரான்கோவின் சொந்தக் கம்பெனியான ரைட்டியஸ் பேப். அதிலும் பெர்செஃபனி இவர்தான்.

இங்கேதான் உங்கள் முதலாளிக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் இருக்கிறது. இதே விஷயம் அவரை 1997லேயே எரிச்சல்படுத்தியது. 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகை அவரைப் புகழ்ந்தபோது, ஒரு ஆல்பத்துக்கு 4.25 டாலர் சம்பாதிக்கிறார், பெரிய கம்பெனி நட்சத்திரங்களுக்குக்கூட அவ்வளவு கிடைப்பதில்லை என்கிற கணக்கை எடுத்து வைத்தது. அவர் அந்தப் பத்திரிகைக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். வணிகப் பத்திரிகைகள் அப்படி எழுதினால் புரிகிறது, நீங்களுமா என்கிற தொனி. நாளைக்கே நான் செத்துப்போனால் என் கல்லறையில் தலைமை நிர்வாகி என்று எழுதிவிடாதீர்கள், பாட்டுக் கட்டுகிறவள், கதை சொல்கிறவள், கிறுக்கி என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் முதலாளிதான், ஆர்., சம்பளம் கொடுக்கிறவர் முதலாளிதான். ஆனால் அந்தப் பணத்தில் அலுவலகத்தை நியூயார்க் நகரத்துக்கு மாற்றவில்லை, பஃபலோவிலேயே வைத்தார். இடிக்கப்போகிறார்கள் என்றிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, 2006ல் அரங்கமாகத் திறந்தார். கம்பெனி அலுவலகமும் அதற்குள்ளேயே.

இப்போது நகம். அவர் கடைகளில் கிடைக்கும் ஒட்டு நகத்தைப் பசைபோட்டு ஒட்டி, அதன்மேல் கறுப்பு டேப்பை விரல்நுனியோடு சேர்த்துச் சுற்றிக்கொள்வார். ஆமாம், எலக்ட்ரீஷியன் வயரில் சுற்றுகிற அதே இன்சுலேஷன் டேப். பழைய படங்களில் வலது கை விரல்களைப் பாருங்கள், மராமத்து வேலைக்குக் கிளம்பியவர் மாதிரி இருக்கும். உங்கள் மகளுக்கு ஆறு மாதத்திலேயே இது தேவைப்படாது, நகத்தைக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கினாலே போதும். கேட்காமல் டேப்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், என்ன, பத்து இருபது ரூபாய்தான். இறுக்கமாக மட்டும் சுற்ற வேண்டாம், விரல் மரத்துப்போகும்.

அன்புடன்.