மூன்றாவது கிண்ணம் வரை உட்காருங்கள்

கேள்வி: டிகிரி காபிக்கு மேல் உலகத்தில் காபியே இல்லை என்கிறார் என் மாமனார். நீங்கள் பல ஊர் பார்த்தவர். அதற்கு ஈடாக எங்காவது குடித்திருக்கிறீர்களா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: குடித்திருக்கிறேன் அம்மா. எத்தியோப்பியாவில், ஜிம்மா என்ற ஊரில். அங்கே இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். காபிச் செடி காட்டில் தானாகவே முளைத்து வளரும் காஃபா மலைப்பகுதி பக்கத்தில்தான். அரபிகா காபிக்குத் தாய்வீடு எத்தியோப்பியக் காடுகள். அங்கே காபிக்குப் பெயர் 'புன்னா'.

ஞாயிறு மதியம் வீட்டுக்கார அம்மா கூப்பிடுவார். தரையில் பசும்புல் பரப்பியிருக்கும், ஒரு மூலையில் குந்திரிக்கம் புகையும். பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டைச் சட்டி வைத்து வறுப்பார். கொட்டை படபடவென்று வெடித்து, கறுத்து, மேலே எண்ணெய் மினுங்கும் நேரத்தில் சட்டியோடு எழுந்து வந்து ஒவ்வொருவர் முன்னாலும் காட்டுவார். தீபாராதனையை ஒற்றிக்கொள்வது போல அந்தப் புகையைக் கையால் இழுத்து முகர வேண்டும். அப்புறம் உரலில் இடித்து, 'ஜபனா' என்ற கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவைப்பார். மண்டி அடங்கியதும், கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து கம்பி போல ஊற்றுவார். பால் கிடையாது. கொறிக்க பாப்கார்ன், இல்லையென்றால் வறுத்த பார்லி.

மொத்தம் மூன்று சுற்று. முதலாவது 'அபோல்', நல்ல திக். அதே மண்டியில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதித்தது 'தோனா'. மூன்றாவது 'பரக்கா', ஆசி என்று அர்த்தம். இது தெரியாமல், விடைத்தாள் திருத்த வேண்டும் என்று முதல் நாள் ஒரே கிண்ணத்தோடு எழுந்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒரு ஞாயிறுகூட நான் பரக்காவுக்கு முன்னால் எழுந்ததில்லை.

பால் விட்ட காபியில் உங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை, மாமனார் சொல்வது சரிதான். ஆனால் ஏற்காட்டுப் பச்சைக் கொட்டை கொஞ்சம் வாங்கி, ஒரு ஞாயிறு இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் நீங்களே வறுத்துப் பாருங்கள். வாசனை முதலில் அவருக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: துருக்கி போகிறோம். அங்கே காபி குடிப்பதா, டீயா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: காபி ஒரு நாள் போதும், தினமும் டீ குடியுங்கள். கருங்கடல் ஓரத்து ரீசே மலைச்சரிவுகளில் விளையும் இலை. இரண்டடுக்குப் பாத்திரத்தில் கீழே வெந்நீர், மேலே டிகாக்ஷன். இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளரில் வேண்டிய அளவுக்குக் கலந்து தருவார்கள். சரியான நிறத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'முயல் ரத்தம்'. டம்ளர் காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். போதும் என்றால் ஸ்பூனை டம்ளர் வாய்மேல் குறுக்காக வைத்துவிடுங்கள்.