எல்லையும் இன்சுலினும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020 ஜூன் 24-இல் மதுரையில் முழு ஊரடங்கு வந்தபோது நான் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மா திருப்புவனத்தில் தனியாக. இருபது கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பாஸ் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எல்லையை மூடியது சரியா? மறுபடி வந்தால் அரிசி, பருப்பு எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அரிசியை விடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு படி கைமாற்று வாங்கலாம். இன்சுலினை வாங்க முடியாது. மூடியது சரியா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். ஜூன் 1 முதல் மதுரையும் சிவகங்கையும் ஒரே ஊரடங்கு மண்டலம், அதற்குள் போய்வர பாஸே வேண்டியதில்லை. 25-ஆம் தேதிதான் மறுபடி பாஸ் கேட்டார்கள். அந்த இருபத்துநான்கு நாளில் ஒரு நடை போயிருக்கலாமே? அம்மாவிடம் எத்தனை நாள் மருந்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

கணக்கு எளிது. நம் ஊர்க் குப்பி பெரும்பாலும் 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400. காலை 18, இரவு 12 என்றால் பதின்மூன்று நாள்தான் வரும். இரண்டு மாதத்துக்கு ஐந்து குப்பி. பழையதை முதலில் எடுக்க வேண்டும். திறந்த குப்பி பொதுவாக 28 நாள்தான்.

ஆபத்து இதற்கு அப்புறம். வழக்கமான குப்பி கடையில் இல்லையென்றால் அவசரத்துக்கு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை வாங்கி வருவோம். வீட்டில் இருப்பதோ சிவப்பு மூடி சிரிஞ்சு, 40-க்கானது. அதில் இரவு 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 30 யூனிட். இரண்டரை மடங்கு! ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும், பக்கத்தில் எழுப்ப ஆள் இருக்காது. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான். மருந்து மாறினால் சிரிஞ்சும் மாற வேண்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். ஒருமுறை உறைந்தது உருகினாலும் உதவாது, கொட்டிவிடுங்கள். கரண்ட் போனால் மானாமதுரைப் பானை இரண்டு: பெரியதற்குள் சின்னது, நடுவில் ஈர மணல், வாயில் ஈரத்துணி. குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்து, நிழலும் காற்றும் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை திருப்புவனம் போய், அம்மாவின் சிரிஞ்சு மூடி என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள்.