மேல்தளத்துத் தண்ணீர்: வழக்கு முடியும்வரை பழுதுபார்க்காமல் இருக்கலாமா?

கேள்வி: தரைத்தளத்தில் வாடகைக்குப் புத்தகக் கடை நடத்திக்கொண்டு, பின்னறையிலேயே குடியிருக்கிறேன். மேல்தளத்துக் குழாய் உடைந்து இரவு முழுவதும் தண்ணீர் இறங்கியதில் உள்கூரையும் சரக்கும் நனைந்துவிட்டன. மேல்தளத்தார் பொறுப்பேற்க மறுக்கிறார். காப்பீட்டு நிறுவனமோ இது நாள்பட்ட கசிவு என்கிறது. யார் பணம் தருவார் என்பது முடிவாகும்வரை எதையும் தொடாமல் வைத்திருப்பது நல்லதா?

பதில்: தொடாமல் வைத்திருந்தால் உங்கள் வழக்குதான் பலவீனப்படும். தவறு எவருடையதாயினும், தமது இழப்பு மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. தடுத்திருக்கக்கூடிய இழப்புக்கு அவர் ஈடு கோர முடியாது. நனைந்த பரப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், நாள் கடந்து வரும் பூஞ்சணத்தை உங்கள் தலையில் கட்டவே எதிர்த்தரப்பு முயலும். மாறாக, நீரை இறைக்கவும் அறையை உலர்த்தவும் நியாயமாகச் செலவிட்ட தொகையை நீங்கள் இழப்பீட்டோடு சேர்த்துக் கேட்கலாம்.

ஆனால் நீரை இறைத்து உலர்த்துவது வேறு, இடித்துப் புதுப்பிப்பது வேறு. முதலாவதை உடனே செய்யுங்கள். இரண்டாவதற்கு முன், மேல்தளத்தார், கட்டட உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவருக்கும் எழுத்து மூலம் அறிவித்து, பார்வையிட நியாயமான அவகாசம் கொடுங்கள். தேதி தெரியும் படங்கள், அன்றன்றைய ஈரப்பத அளவு, நனைந்த நூல்களின் பட்டியலும் சில மாதிரிகளும் உங்களிடம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உடைந்த குழாய்த் துண்டு. பிளம்பர் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். அது மேல்தளத்தார் வசம் இருந்தால், அப்புறப்படுத்தாமல் பாதுகாத்து வைக்குமாறு இன்றே எழுதிக் கேளுங்கள். அதன் முறிவு புதியதா, துரு ஏறி நாட்பட்டதா என்பதே காப்பீட்டு நிறுவனத்தோடு உங்களுக்குள்ள சர்ச்சையைத் தீர்க்கும். பாலிசியின் விலக்கு விதி (எந்தெந்த இழப்புக்குப் பணம் தரப்படாது என்று சொல்லும் பிரிவு) பொருந்துகிறது என்று நிறுவும் சுமை, பொதுவாக, அதைச் சொல்லித் தப்ப நினைக்கும் நிறுவனத்தின் மீதே இருக்கிறது.

மேல்தளத்தாரின் பொறுப்பைப் பற்றி: தண்ணீர் அவர் வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. நீர்த்தேக்கம் உடைந்து அண்டைச் சுரங்கத்தை மூழ்கடித்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் (1868), அலட்சியத்தை நிரூபிக்காமலேயே பொறுப்பு சுமத்தப்பட்டது. ஆனால் ரிக்கர்ட்ஸ் எதிர் லோதியன் வழக்கில் (1913), யாரோ வேண்டுமென்றே குழாயைத் திறந்து, கழுவு தொட்டியின் வடிகாலையும் அடைத்துவிட்டதால் கீழ்த்தளத்துச் சரக்கு நனைந்தபோது, கட்டடத்துக்குள் வழக்கமான நீர் வசதி வைத்திருப்பது அந்தக் கடும் விதிக்குள் வராது என்று, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் வழக்குகளுக்கு அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் இடங்களில், ஆகவே, நீங்கள் அலட்சியத்தைக் காட்ட வேண்டியிருக்கும்: முன்பே கசிவு இருந்ததா, நீங்கள் புகார் சொன்னதுண்டா, அவர் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டாரா? பழைய குறுஞ்செய்தி ஒன்றுகூட இங்கே உதவும். குழாய் பொதுப் பகுதியைச் சேர்ந்ததெனில் கேள்வி உரிமையாளரிடம் திரும்பும். வாடகை ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பிரிவைப் படித்துப் பாருங்கள்.

வியாபார இழப்புக்குக் கணக்குப் புத்தகமே சான்று. நனைந்த பழைய உள்கூரைக்குப் பதிலாக உயர்ரகக் கூரை போட்டால், அந்தக் கூடுதல் செலவு உங்களுடையது.

இறுதியாக இரண்டு தாள்களில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஒன்று, காப்பீட்டுத் தொகை பெறும் உரிமையையே பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரருக்கு மாற்றித் தரும் தாள். மற்றொன்று, சிறு தொகை பெற்றுக்கொண்டு இனி கோரிக்கை ஏதுமில்லை என்று மேல்தளத்தாருக்கு எழுதித் தரும் முழுத் தீர்வுப் பத்திரம். இழப்பீட்டைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று மேல்தளத்தார் மீது வழக்குத் தொடரும் உரிமை பெறும் என்பதால், அதன் சம்மதமின்றி அவரை விடுவித்தால் உங்கள் காப்பீட்டுக் கோரிக்கையே தள்ளப்படக்கூடும்.