நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றினால் அடைப்பு கரையுமா?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வயது 44. மாஸ்டர் செக்கப்பில் எல்டிஎல் 168, எச்டிஎல் 36. நல்ல கொலஸ்ட்ரால் கூடினால் அடைப்பைத் துடைத்துவிடும் என்கிறார்களே, எதைச் சாப்பிட்டு அதை ஏற்றுவது?”

நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லை ஏற்றப் பாடுபடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் குறைக்க வேண்டியது அந்த 168, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல். நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரை எச்டிஎல்லை ஏற்றியது. ஆனால் ஏற்கெனவே ஸ்டாட்டின் (எல்டிஎல்லைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர்களிடம் அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் இரண்டிலும் (2011, 2014) மாரடைப்பு குறையவில்லை.

கொலஸ்ட்ராலை உடம்பால் எரித்துச் சக்தியாக்க முடியாது. ரத்தக்குழாய்ச் சுவரில் அதை விழுங்கி வீங்கிக் கிடக்கும் செல்களிடமிருந்து எச்டிஎல் வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல் ஒரு பகுதியை அப்படியே பித்தநீரில் விடுகிறது; தினமும் அரை கிராம் அளவுக்குப் பித்த அமிலமாக மாற்றுகிறது. ஆனால் குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். நாம் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். அதை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் செய்ய, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இசப்கோல் உமி, காலை 5 கிராம், இரவு 5 கிராம். பெரிய டம்ளர் தண்ணீரில் (250 மி.லி.) கலக்கி, கெட்டியாவதற்குள் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்டல், அவரை, வெண்டை, ஓட்ஸ் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. பாமாயில், நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின் பூரிதக் கொழுப்போ, எல்டிஎல்லைப் பிடிக்கும் கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்துவிடும். காலையில் இசப்கோல் குடித்துவிட்டு மாலையில் பாமாயில் பஜ்ஜி என்றால் பெரிய பலன் இருக்காது.

நார்ச்சத்தால் மட்டும் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் குறையலாம். அதாவது 168 என்பது 150-160 ஆகும். சர்க்கரை நோய், பிபி, புகைப்பழக்கம் இருந்தால் அது போதாது. மிதமான அளவு ஸ்டாட்டின் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும்; கல்லீரலில் அதே ஏற்பிகளைக் கூட்டித்தான் அது வேலை செய்கிறது. எண் இறங்கியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு முன் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். மாத்திரை தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை.