வீட்டுத் தோட்டம் கேள்வி-பதில்: நாலு செடியும் செப்டம்பர் பனியும்

வீட்டில் நான், மனைவி, மகன் என மூவரும் 19 வயதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு நாலு வீதம் 12 கஞ்சாச் செடி வைக்கலாமா?
*ஸ்கார்பரோ வாசகர்*

கூடாது. நாலு என்பது வீட்டுக்கணக்கு, ஆள்கணக்கு இல்லை. 2018 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒன்டாரியோவில் விதையை உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். வாடகை வீடு என்றாலோ கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) என்றாலோ முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்; செடி வைக்கத் தடை இருக்கலாம். கியூபெக்கில் இருக்கும் உறவினருக்கு நாற்றுக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே வீட்டில் ஒரு செடிகூட ஆகாது.

மே முதல் வாரம் வெளியே நட்ட நாற்றுகளின் இலை வெளுத்துக் கருகிவிட்டது. உரம் போதவில்லையா?
*பிராம்டன் வாசகி*

உரம் காரணமில்லை; அவசரம். ஜன்னலோரம் வளர்ந்த நாற்றுக்கு நேர்வெயிலும் காற்றும் பழக்கமில்லை. முதல் நாள் நிழலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். தக்காளி நடும் அதே விக்டோரியா தின வார இறுதிதான் (மே பிற்பகுதி) இதை வெளியே நடவும் கணக்கு.

தொட்டி 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. தொட்டி மண் 5 பங்கு, மக்கு உரம் 3, பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைக் குறுணி) 2 கலந்தால் தண்ணீர் தேங்காது. மண்ணின் அமிலகார அளவு (pH) 6 முதல் 6.8 வரை இருக்கட்டும். இலை கரும்பச்சையாகி நுனி நகம்போல் கீழே வளைந்தால் தழைச்சத்து மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் விடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பூங்கொத்தைப் பிரித்தால் உள்ளே சாம்பல் நிறத் தூள். வெளியே பச்சையாகத்தான் இருந்தது.
*மார்க்கம் வாசகர்*

சாம்பல் பூஞ்சணம். வெளியில் வளர்ப்பவர்களின் பயிரை அதிகம் தின்பது இதுதான். இரவு குளிர்ந்து பனி இறங்கும் நேரத்தில்தான் கொத்தும் தடித்து இறுகியிருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பூஞ்சணம் தண்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவுவதால் கண்ணுக்குத் தெரியும்போது பாதி போயிருக்கும்.

ஆனால் ஓர் அடையாளம் முன்னாலேயே வரும். பச்சைக் கொத்தின் நடுவே ஒரே ஒரு சின்ன இலை மட்டும் பழுத்து நிற்கும். அதை இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால் அடியில் அழுகல் இருக்கிறது. அழுகலுக்கு மூன்று விரற்கடை கீழே வெட்டி, அங்கேயே பைக்குள் போட்டுக் கட்டுங்கள். உதறினால் பூஞ்சண வித்து பறக்கும். வெட்டுக்கு வெட்டு கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். மிச்சத்தைக் காயவைத்துப் பயன்படுத்தலாமே என்று நினைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்தது நுரையீரலுக்குக் கேடு.

அடுத்த வருடம் செடிக்குச் செடி நாலு அடி விடுங்கள். ஆகஸ்டில் உள்பக்க இலைகளைக் கழியுங்கள். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மழைக்குத் தெளிவான பிளாஸ்டிக் கூரை போதும், பக்கங்களை மூடிவிடாதீர்கள். இதெல்லாம் தொல்லை என்றால் பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் 'ஆட்டோ' வகை விதையை ஜூன் தொடக்கத்தில் போடுங்கள். பத்து வாரத்தில், பனிக்கு முன்பே அறுத்துவிடலாம். விளைச்சல் குறையும், அழுகியதைக் குப்பையில் கொட்டுவதற்கு இது மேல்.

மூன்று செடி பூத்துவிட்டது. கராஜ் ஓரத்தில் நிற்பது மட்டும் ஆகஸ்ட் முடிந்தும் பூக்கவில்லை.
*அஜாக்ஸ் வாசகர்*

கராஜ் விளக்கு இரவெல்லாம் எரிகிறதா? சாதாரண வகைகள் இரவு நீள்வதை வைத்துத்தான் பூக்கும். விளக்கை அணையுங்கள், அல்லது தொட்டியை இருட்டுப் பக்கம் நகர்த்துங்கள்.

சென்னையில் அம்மாவுக்கு முழங்கால் வலி. காயவைத்ததில் கொஞ்சம் கொண்டுபோகலாமா?
*மிசிசாகா வாசகி*

ஒரு கிராம்கூட வேண்டாம். கனடா எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்வது இங்கேயே குற்றம். அங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது. உரிமமின்றிச் செடி வளர்த்தாலே பத்து ஆண்டு வரை கடுங்காவல். விதையைத் தபாலில் அனுப்பும் யோசனையும் வேண்டாம். அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.